கடையில் நிற்கும் டெமோ வேக்கம் க்ளீனரை என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

இழை கொஞ்சம் நீளம். ஆரணிக்காரர் போடும் இழை நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. சுகர், பிரஷர் பற்றி எழுதுகிற டாக்டருக்கு இன்று வேக்கம் க்ளீனர் மேல் என்ன கோபம் என்று கேட்பவர்கள் கடைசி வரை வாங்க.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. அண்ணன் நெய்வார், இவர் தார் சுற்றுவார், பாவு பிணைக்க உதவுவார். பல வருட ஆஸ்துமா. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கும் அபூர்வமான நோயாளிகளில் ஒருவர். "பழகிடும் டாக்டர், வேண்டாம்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு மூன்று வாரமாக ராத்திரி இருமல். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னேன். அவர் வழக்கமாக ஊதும் அளவில் நல்ல சரிவு.

இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். இன்ஹேலர் தீர்ந்துபோச்சா? வீட்டில் பூனை வந்துச்சா? பெயின்ட் அடிச்சீங்களா? புது ஊதுபத்தி? எல்லாத்துக்கும் இல்லை. சரி, வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்துச்சா?

"ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க சொன்ன மெஷின் ஒண்ணுதான் வாங்கினோம்."

நான் சொன்ன மெஷின். ஆமாம், சொன்னேன். தறி இருக்கிற வீட்டில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு தரையிலிருந்து கிளம்பி நேரா மூக்குக்கு வரும். ஈரத்துணி போட்டுத் துடைங்க, வசதி இருந்தால் நல்ல ஃபில்டர் உள்ள வேக்கம் க்ளீனர் வாங்குங்க என்று சொல்லியிருந்தேன். பையன் பணம் அனுப்பியிருக்கிறான். ஆடித் தள்ளுபடியில் டிஸ்ப்ளே பீஸ் ஒன்று மலிவாகக் கிடைத்ததாம். "புதுசு மாதிரியேதான் சார், கடையில சும்மா வெச்சிருந்தது" என்று விற்றிருக்கிறார்கள்.

அதைக் கொண்டுவரச் சொன்னேன். கிளினிக் பின்னாடி வாசலில், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு திறந்தேன்.

தூசுப்பை கம்பளி மாதிரி இறுகிப் போயிருந்தது. மேலே ஒரு விரல்கடை அளவுக்கு அக்கா வீட்டுத் தூசு, பட்டு நூல் பிசிறு. அதற்குக் கீழே முழுக்கக் கடைச் சரக்கு. தெர்மாகோல் உருண்டை, ஜிகினாத் தூள், யார் யாரோ தலைமுடி, காகிதத் துண்டு, கட்டியாகிப்போன மைதா. மைதா எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். "மாவு கொட்டினாக்கூட எப்படி இழுக்குது பாருங்க மேடம்" என்று காட்டியிருப்பார்கள். எத்தனை பேருக்குக் காட்டினார்களோ.

பின்பக்கம் காற்று வெளியே வரும் இடத்தில் ஃபில்டர் இருக்கணும். பிளாஸ்டிக் சட்டம் இருந்தது. சட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

அதாவது அந்த அக்கா மூன்று வாரமாக, மருத்துவர் சொன்னபடி, சுத்தமாக இருக்க வேண்டும் என்று, தினமும் ஒரு கடையின் பல மாதத்துத் தூசைத் தன் வீட்டுக்குள் ஊதிக்கொண்டிருந்தார்.

கடை பேர் கேட்டு யாரும் டிஎம் அனுப்ப வேண்டாம். சொல்ல மாட்டேன். பயம் காரணமில்லை. ஒரு கடைப் பேரைச் சொன்னால் மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிடுவாங்க.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குள் போனாலும் டெமோ வேக்கம் க்ளீனர் மூடியைத் திறந்து பார்க்கிறேன். ஆரணியில் பார்த்தேன், வேலூரில் பார்த்தேன், ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது பெரிய ஷோரூம்களிலும் பார்த்தேன். ஏசி வித்தியாசப்படுகிறது. பை வித்தியாசப்படவில்லை. நிரம்பி வழியும் பை, சாம்பல் நிறத்தில் பாசி பிடித்த மாதிரி ஃபில்டர், நூலும் முடியும் சுற்றிச் சுழலாமல் நிற்கும் பிரஷ். ஈரம் இழுக்கும் மாடல் ஒன்றில் தொட்டிக்குள் பழைய தண்ணீர் அப்படியே நாறிக்கொண்டிருந்தது, ஓரத்தில் கருப்பாகப் பூஞ்சை. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வந்து ட்ரம்மைத் தட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு நாள் ஷோரூமுக்குள்ளும் போகலாம்.

கொரோனா காலத்தில் இதே கடைகளில் மெஷினின் கைப்பிடிக்கு மணிக்கொரு தடவை சானிடைசர் அடித்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேக்கம் க்ளீனர் பிறந்ததே ஒரு மோசமான டெமோவிலிருந்துதான். 1901-ல் லண்டனில் எம்பயர் மியூசிக் ஹாலில் ஒரு அமெரிக்க இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள். அது தூசை உறிஞ்சாது, காற்றை அடித்துக் கிளப்பும். பார்த்துக்கொண்டிருந்த ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர், ஏன் இதை உள்ளே இழுக்கக் கூடாது என்று கேட்டார். பிறகு ஒரு ஓட்டலில் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையின் அடிப்பக்கம் கருப்பாகிவிட்டது. அதே வருடம் காப்புரிமை வாங்கினார்.

தூசைக் கிளப்பிவிடும் மெஷினைப் பார்த்து ஒருத்தர் எரிச்சல்பட்டதால் வந்த கருவி இது. 120 வருஷம் கழித்து நம் கடைகளில் மறுபடியும் கிளப்பிவிடும் மெஷினாக்கி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நம்ம ஊரிலும் டெமோ எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1982-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் ஆரம்பித்து யூரோக்ளீனை வீடு வீடாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். டை கட்டிய பையன்கள் காலிங் பெல் அடிப்பதைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்களில் என் வீடும் ஒன்று. ஆனால் அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது. உன் வீட்டு மெத்தை, உன் வீட்டு அழுக்கு, உன் கண் முன்னாலேயே. மெஷின் அடைத்துக்கொண்டு நின்றால் அன்றைக்கு அந்தப் பையனுக்கு வியாபாரம் கிடையாது. அதனால் அவன் காலையில் கிளம்பும்போதே பையைத் தட்டிக் காலி பண்ணிக்கொண்டு வந்தாகணும். ஷோரூமில் அந்தக் கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒரு மெஷின் விலை போகவில்லையென்றால் பக்கத்தில் மிக்ஸி இருக்கு, டிவி இருக்கு.

இப்போ கடையில் நடக்கும் டெமோவுக்கு வருவோம். இரண்டு வித்தை காட்டுவார்கள். முதல் வித்தை, குழாய் முனையை உங்கள் உள்ளங்கையில் வைப்பார்கள். பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். "பவரைப் பாருங்க சார்!"

மக்களே, இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க. கையால் முனையை அடைத்துவிட்டால் காற்றே ஓடாது. காற்று ஓடாதபோது அடைத்துப்போன ஃபில்டரும் சுத்தமான ஃபில்டரும் ஒன்றுதான், ஏனென்றால் தடுப்பதற்கு அங்கே காற்றோட்டமே இல்லை. வயிறு நிறைய அழுக்கு வைத்திருக்கும் மெஷினும் உங்கள் உள்ளங்கையை நன்றாகவே பிடிக்கும். தூசை இழுப்பது ஓடும் காற்று. அது எவ்வளவு ஓடுகிறது என்பதைத்தான் பை நிரம்பினால் இழக்கிறோம். அதை உள்ளங்கை சொல்லாது.

சத்தமும் அப்படித்தான். அடைப்பு ஏற ஏற மோட்டாருக்குத் தள்ள வேண்டிய காற்று குறையும், பாரம் குறையும், இன்னும் வேகமாகச் சுற்றும், கீச்சென்று குரல் ஏறும். கடையில் அதைக் கேட்டுவிட்டு "ஜெட் விமானம் மாதிரி இழுக்குதுங்க" என்கிறோம். நான் தினமும் கேட்கும் வீசிங்கும் இதே கதைதான். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தால் மூச்சு பலமாக இருக்கு என்று எந்த டாக்டராவது சந்தோஷப்படுவாரா? ஆஸ்துமா முற்றினால் ஒரு கட்டத்தில் அந்தச் சத்தமும் நின்றுபோகும். ஸ்டெத் வைத்தால் மார்பு அமைதியாக இருக்கும். எங்கள் வயிற்றைக் கலக்குவது அந்த அமைதிதான். சத்தத்தை வைத்துக் காற்றை அளக்காதீங்க.

இரண்டாவது வித்தை, காகிதத் துண்டு, தெர்மாகோல். கிழித்துத் தரையில் போடுவார்கள், மெஷின் விழுங்கிவிடும். கை தட்டாத குறை. அட, காகிதத் துண்டால் யாருக்கும் ஆஸ்துமா வராதுங்க. கண்ணுக்குத் தெரிவது மூச்சுக்குழாய்க்கு ஆபத்தில்லை. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே இருப்பதுதான் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், 2.5-க்குக் கீழே நுரையீரலின் அடிவரை போகும். இவற்றை மெஷின் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறதா, இல்லை முன்வாசலில் வாங்கிப் பின்வாசல் வழியாக விடுகிறதா என்பதுதான் கேள்வி. அதை எந்த டெமோவும் காட்டுவதில்லை.

ஹெப்பா ஃபில்டர் என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கணும் என்பது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பிய அளவுகோல் சற்று வேறு, ஆனால் அதே ரகம். 0.3 ஏன் என்றால், தப்பிப்பதில் கில்லாடி அந்த அளவு துகள்தான். அதைவிடப் பெரியது இழையில் மோதி மாட்டும். அதைவிடச் சிறியது தாறுமாறாக ஆடி ஆடி வந்து ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரி. ஃபில்டர் பொருத்தியிருந்தால்தானே? ஓரத்து ரப்பர் விட்டுப் போயிருந்தாலே காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நான் பார்த்த டெமோ மெஷின் ஒன்றில் ஹெப்பா ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. ஃபில்டரைக் காணோம். விற்பனைப் பையனைக் கேட்டேன், "அது இருந்தா இழுவை கம்மியா தெரியுது சார், கழட்டி வெச்சுட்டோம்" என்றான். கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்.

இது ஏதோ ஒரு டாக்டரின் கற்பனை பயம் இல்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 21 வேக்கம் க்ளீனர்களை எடுத்துச் சோதித்தார்கள். மக்கள் வீட்டில் பயன்படுத்திக்கொண்டிருந்த மெஷின்கள், பல கம்பெனி, புதுசும் பழசும் கலந்து. நுண்துகளும் பாக்டீரியாவும் மெஷினிலிருந்து வெளியே வருவதை அளந்து வெளியிட்டார்கள். வீட்டு மெஷினின் லட்சணமே அது. யாருக்கும் சொந்தமில்லாத கடை மெஷின் எப்படி இருக்கும்?

ஐரோப்பாவில் இந்தப் பை விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. 2014 செப்டம்பரிலிருந்து அங்கே வேக்கம் க்ளீனருக்கு மின்சார லேபிள் ஒட்டினார்கள். நம்ம ஃப்ரிட்ஜ் ஸ்டார் மாதிரி. அந்த லேபிளுக்கான சோதனையைக் காலிப் பையுடன் செய்தார்கள். டைசன் கம்பெனி வழக்குப் போட்டது: வீட்டில் யாரும் காலிப் பையோடு பெருக்குவதில்லை, தூசு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்காத லேபிள் வாங்குபவரை ஏமாற்றும் என்று. 2018 நவம்பரில் நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. டைசன் பை இல்லாத மெஷின் விற்கும் கம்பெனி, அதுக்கும் சொந்த லாபம் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் வாதம் சரியான வாதம்.

அங்கே காலிப் பையோடு சோதித்தது அநியாயம் என்று வழக்கு. இங்கே பல மாதம் திறக்காத பையோடு காட்டுகிறார்கள், அதுவும் இல்லாத ஃபில்டரோடு. கேட்க நாதியில்லை.

இன்னொன்று, 2017-லிருந்து ஐரோப்பாவில் 900 வாட்டுக்கு மேல் வீட்டு வேக்கம் க்ளீனர் விற்கக் கூடாது. நம்ம ஊரில் "1600 வாட் சார்!" என்பதுதான் முதல் வசனம். வாட் என்பது மெஷின் தின்னும் கரண்ட். அது செய்யும் வேலை இல்லை. நாலு இட்லி சாப்பிடுபவரைவிட எட்டு இட்லி சாப்பிடுபவர் நன்றாக நெய்வார் என்று எந்த மேஸ்திரியும் கூலி பேசுவதில்லை.

இப்போது ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்தச் சேல்ஸ்மேனும் ஒன்றாகிவிடுவோம். வேக்கம் க்ளீனர் ஆஸ்துமாவுக்கு மருந்து இல்லை. வீட்டுத் தூசுப்பூச்சியைக் குறைக்கும் முறைகளைப் பற்றி 54 சோதனைகளைத் தொகுத்து 2008-ல் கோக்ரேன் மதிப்பாய்வு வந்தது. அந்த முறைகளால் ஆஸ்துமாவில் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை என்றது. ஆகவே இன்ஹேலர் வாங்கும் காசில் மெஷின் வாங்காதீங்க. இன்ஹேலர்தான் முதல். அதை நிறுத்தினால் உலகத்திலேயே உயர்ந்த ஹெப்பாவும் காப்பாற்றாது.

அப்புறம் ஏன் சொன்னேன்? நம்ம ஊர் நிலைமை வேறு. பட்டில் செரிசின் என்ற பசைப் புரதம் இருக்கு. பட்டுத் தூசு ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது பழைய சங்கதி. கர்நாடகத்தில் பட்டு இழுக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் தொழில்வழி ஆஸ்துமா இருப்பது 1985-லேயே ஆய்வாக வந்திருக்கிறது. கூட்டிலிருந்து நூல் இழுக்கும் இடத்தில்தான் பாதிப்பு கடுமை. முறுக்கி, சாயம் போட்டு வந்த நூலை நெய்கிற இடத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் தறி இருக்கும் அறையிலேயே சமைத்து, அங்கேயே பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் "குறைவு" என்பதற்கு என்ன அர்த்தம்? குழித்தறிப் பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்க, எத்தனை நாள் பிசிறு கிடக்கும் என்று. அதோடு இந்த ஊரில் ரைஸ்மில் தவிடு, உமித் தூசு வேறு. களம்பூர் பக்கமிருந்து வரும் நோயாளிகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் சீசன் எனக்கு காலண்டர் பார்க்காமலே தெரியும். அந்த வீட்டில் காய்ந்த துடைப்பம் வேண்டாம் என்று சொல்வது நியாயமான அறிவுரைதான். மெஷின் மெஷினாக இருந்தால்.

பட்டு ஊர்க்காரங்க நாம். ஒரு புடவை வாங்க வருபவர் என்னவெல்லாம் செய்கிறார்? முந்தியை விரிக்கச் சொல்கிறார். பின்பக்கம் திருப்பி ஜரிகை எப்படி ஓடியிருக்கு என்று பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்தி, முடி கருகிய வாசனை வருதா, சாம்பல் பொடியாகுதா என்று முகர்ந்து பார்க்கிறார். சில்க் மார்க் அட்டை எங்கே என்கிறார். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் காட்டுகிறார். ஷோகேஸில் மாட்டிய புடவையை மடிப்பில் இற்றுப்போகக் கூடாது என்று மாற்றி மாற்றி மடித்து வைக்கிறார்கள். மாட்டி வைத்து நிறம் மங்கிய புடவையைப் புதுசு என்று கொடுத்தால் ஆரணி பஜாரில் அவர் கடை நடத்த முடியுமா?

அதே மனிதர், அதே கண், நாலு கடை தள்ளிப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு மெஷின் வாங்கும்போது மூடியைக்கூடத் திறப்பதில்லை. கூச்சம். "திறக்கலாமா?" என்று கேட்கவே கூச்சம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் கடைக்குள் போனால் நம் கை தானாகவே பின்னால் கட்டிக்கொள்கிறது.

கடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டேன். "டெமோ பீஸ் கம்பெனியோடது டாக்டர், ப்ரொமோட்டர் பாத்துக்கணும்." ப்ரொமோட்டரைக் கேட்டால், "நான் தீபாவளி சீசனுக்கு மட்டும் வந்தவன் சார், பை மாத்தணும்னா கம்பெனி தரணும்." கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கேட்டால், "வாரண்டி விற்ற மெஷினுக்குத்தான், டெமோவுக்கு என்கிட்ட கால் வராது." ஆக மூன்று பேருக்குச் சொந்தமான மெஷின், யாருக்கும் பொறுப்பில்லாத குப்பை. கூட்டுக் குடும்பத்துக் கிணறு மாதிரி. தூர் வாருவதற்கு மட்டும் பங்காளி வர மாட்டான்.

பேட்டரி மாடலும் இதே கதைதான். மாதக்கணக்கில் சார்ஜரிலேயே மாட்டிக் கிடக்கும். லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜில் சூட்டில் கிடப்பது ஆகவே ஆகாது. டெமோவில் சீக்கிரமே மயங்கி விழும், வாங்க வந்தவர் "இந்த மாடலே சரியில்லை" என்று நல்ல மெஷினை விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டு போவார். கம்பெனிக்காரர்களே, இதில் நஷ்டம் உங்களுக்கும்தான்.

வாங்குபவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து ராத்திரி கடை மூடும்வரை நிற்கும் பெண்களை யோசித்துப் பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை டெமோ, அத்தனை தடவை அந்தப் பின்பக்கக் காற்று அவர்கள் முகத்துக்கு. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத்திருத்தம் வந்தது. அவர்கள் மூச்சுக்குள் போவதைப் பற்றி யார் சட்டம் போடுவார்கள்? ஒரு தங்கச்சி என்னிடம் "தினமும் மூக்கடைப்பு சார், ஏசி ஒத்துக்கல போல" என்றார். ஏசியாகவும் இருக்கலாம், பரிசோதிக்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மெஷினை நான் திறந்து பார்த்திருந்தேன்.

சரி, டிஸ்ப்ளே பீஸ் விற்பனை. விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வசதியில்லாதவருக்குக் குறைந்த விலையில் கிடைப்பது நல்ல விஷயம். டிவியோ கிரைண்டரோ ஷோவில் இருந்தது என்றால் ஒரு கீறல் இருக்கும், போகட்டும். வேக்கம் க்ளீனர் அப்படியில்லை. அது ஊராரின் அழுக்கை உள்ளே வைத்துக்கொண்டு வரும் பொருள். பயன்படுத்திய நெபுலைசர் மாஸ்க்கைத் துடைத்துப் பெட்டியில் போட்டு "டிஸ்ப்ளே பீஸ்" என்று விற்றால் வாங்குவீங்களா?

சட்டம் என்ன சொல்லுது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழைய பொருளையோ, பயன்படுத்தியதையோ, சரிபண்ணியதையோ புதுசு என்று காட்டி விற்பதை நியாயமற்ற வணிகம் என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான்: பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடவில்லையென்றால் 30 நாளுக்குள். "விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது" என்று சுவரில் எழுதி வைத்தால் அது சட்டத்துக்கு மேலே போய்விடாது. 1915-க்கு போன் பண்ணலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

அக்காவின் பில்லைப் பார்த்தேன். மாடல் நம்பர், விலை, ஜிஎஸ்டி எல்லாம் ஒழுங்காக இருக்கு. டிஸ்ப்ளே பீஸ் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. பில்படி அது புது மெஷின்.

கடைக்காரர்களிடம் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. காலையில் கடை திறந்ததும் ஊதுபத்தி ஏற்றுவீங்க இல்லையா, அப்போதே டெமோ மெஷின் பையை வெளியில் கொண்டுபோய்க் காலி பண்ணுங்க. காலி பண்ணும் பையனுக்கு ஒரு மாஸ்க் கொடுங்க. கழுவுகிற ஃபில்டரைக் கழுவி நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்க, ஈரத்தோடு போட்டால் அதுவே பூஞ்சைக்கு வீடு. டிஸ்ப்ளே பீஸ் என்றால் பில்லில் அப்படியே எழுதுங்க. விற்கும் முன் புதுப் பை, புது ஃபில்டர். அந்த ஃபில்டர் விலை நீங்கள் கொடுக்கும் தள்ளுபடியில் ஒரு ஓரம்கூட இருக்காது.

வாங்கப் போகிறவர்களே, மூடியைத் திறக்கச் சொல்லுங்க. பையைக் காட்டச் சொல்லுங்க. பின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. காகிதத் துண்டு வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு பழைய தலையணை உறையில் நம் தறிப் பிசிறைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்க, அதை இழுக்கச் சொல்லுங்க. சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த டெமோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், வீட்டில் பை மாற்றும் வேலையும் அவருக்கு வேண்டாம். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ஈரத்துணி இன்றைக்கும் நல்ல ஆயுதம்தான். அதற்கு டெமோ தேவையில்லை.

என் தப்பையும் எழுதிடறேன். மருந்துச் சீட்டில் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதுகிறவன், அதே சீட்டின் ஓரத்தில் "வேக்கம் க்ளீனர்" என்று ஒரு வார்த்தை கிறுக்கிவிட்டு அனுப்பினேன். எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் டாக்டர் வாங்கினோம்" என்று அந்த அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்னைக்கு மதியம் சோறு இறங்கல.

அக்கா இப்போ பரவாயில்லை. மெஷினை நிறுத்தி, மருந்தைக் கொஞ்சம் கூட்டி, பத்து நாளில் ராத்திரித் தூக்கம் வந்துவிட்டது. பீக் ஃப்ளோ பழைய இடத்துக்கு வந்துகொண்டிருக்கு. மெஷின்தான் காரணம் என்று கோர்ட்டில் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன், சீதோஷ்ணம் மாறிய நேரமும்கூட. ஆனால் மறுபடி அதை ஆன் பண்ணிப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அண்ணன் பில்லையும், நான் எடுத்த போட்டோவையும் கொண்டுபோய்க் காட்டினதும் கடையில் மெஷினை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி பிரிக்காத புதுசு. வாக்குவாதம் இல்லை, மேனேஜர் மன்னிப்பும் கேட்டாராம். நல்ல மனுஷர்தான்.

நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். திருப்பி வாங்கிய மெஷினைத் துடைத்து, பழைய இடத்திலேயே, புதுசா ஒரு "ஆஃபர்" அட்டை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். மூடியைத் திறந்தேன். அதே மைதாக் கட்டி. அதுக்கு மேலே, அக்கா வீட்டுப் பட்டு நூல், அரக்கு கலர்.